பஞ்ச காலத்துப் பல்கலைக்கழகம்

நம் சங்கத்தின் மூத்தோர் முதன்முதலாகக் கூடிய காலத்தில் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகமேனும் இருக்கவில்லை. கொழும்பில் 1921 ஜனவரியில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுமே இருந்தது. அதில் கற்றவர்களும் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினார்கள். அந்தக் கல்லூரியும் அரசாங்கம் தானாக மனமிரங்கித் தந்ததன்று. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்பதற்கென்றே 1906இல் ஒரு சங்கம் அமைந்தது. பொன்னம்பலம் அருணாசலம் அதன் முன்னணியில் நின்றார். பதினைந்து ஆண்டுகள் கேட்ட பின்னர் பாதி கிடைத்தது. மீதிப் பாதிக்கு இன்னும் இருபத்தொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிபர்களின் வரிசையும் கட்டடங்களின் வரலாறும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியை. கையில் காசில்லாத காலங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், உயர்கல்விக்கு எப்படிப் போனார்கள்? அவர்களை யார் அனுப்பினார்கள்? 2022க்குப் பிறகு இது பழங்கதை அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நம் சங்கத்துக்கு வரும் கடிதங்களிற் பாதி இதைப் பற்றியவை.

வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தம். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுப்பது சமயப் பணிக்குப் பெரிதாக உதவவில்லை என்பது மிஷன் தலைமையின் கணக்கு. ஊரவர்களின் கணக்கு வேறாக இருந்தது. செமினரியிற் படித்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் விடாமல் கேட்டார்கள். தாங்களும் பணம் சேர்த்தார்கள். 1872இல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ‘பழைய மாணவர்’ என்ற பெயருக்கு நம் ஊரில் உருப்படியான ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான் என்று நாம் எண்ணுவதுண்டு.

அதே நூற்றாண்டில் பெண்கள் கொடுத்த பங்குக்குப் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் இல்லை. அது அரிசியாகப் போனது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிமுட்டியில் இட்டுவைப்பது, அதைச் சேர்த்துப் பாடசாலைக்கோ திருச்சபைக்கோ கொடுப்பது என்ற பிடியரிசி வழக்கம் சைவர்களிடமும் இருந்தது, கிறிஸ்தவர்களிடமும் இருந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் கதையிலும் பிடியரிசி வருகிறது. காசு ஆண்களின் கையில் இருந்த காலம் அது. அரிசிப்பானை பெண்களின் கையில் இருந்தது. தம்மிடம் இருந்ததிலிருந்து கொடுத்தார்கள்.

இதை நம் மேடைகளிற் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊர்க்கொடைக்கு ஒரு வேலியும் இருந்தது. பிடியரிசியால் நடந்த பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இடம் கிடைத்த இடத்தில் அவர்கள் நிலத்தில் இருந்தார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் எல்லாரும் சமமாக அமரவேண்டும் என்ற கட்டளை வந்தபோது, 1930 அளவில் குடாநாட்டிற் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமத்துவத்தின் பக்கம் நின்றது. அதற்காக ஏச்சும் வாங்கியது. ஊர் கூடிக் கொடுக்கும்போது, ஊர் யாரைத் தன்னுடையவர் என்று எண்ணுகிறதோ அவருக்கே கொடுக்கிறது. அந்த வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு அரசின் கை வேண்டியிருந்தது. இலவசக் கல்வியைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

முப்பதுகளுக்கு வருவோம். உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பரும் தேயிலையும் விலை விழுந்து, தோட்டங்களும் கந்தோர்களும் ஆட்குறைத்த காலம். 1934இன் இறுதியில் மலேரியாவும் வந்து, தென்னிலங்கைக் கிராமங்களைச் சூறையாடியது. அந்த இரண்டுக்கும் நடுவில், 1933இல், யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் இருந்த புத்தகங்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப்பெரியோர் சேர்ந்து அதை ஒரு வாடகை அறைக்குக் கொண்டுபோனார்கள். 844 புத்தகங்கள், சில பத்திரிகைகள், சஞ்சிகைகள். மறு ஆண்டு நகர சபை அதைப் பொறுப்பேற்றது. பின்னர் பெரிய கட்டடத்துக்காகக் களியாட்ட விழா நடத்திப் பணம் சேர்த்ததில் மேயர் சாம் சபாபதியும் புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளும் முன்னின்றார்கள். 1954இல் அடிக்கல் நட்டு 1959இல் திறந்தார்கள். வீட்டிற் புத்தகமோ மின்விளக்கோ இல்லாத பிள்ளைக்கு அந்த வாசிப்பு மேசைதான் பல்கலைக்கழகத்தின் முதல் வாசல். எங்களில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்கள் பலர், சைக்கிள் ஓட்டப் பழகியதே அங்கே போவதற்காகத்தான் என்பார்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1ஆம் திகதி பிறந்தது. அந்தத் திகதியைச் சற்றுக் கவனியுங்கள். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்று, கூப்பன் அரிசிக்கு நாடு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மலாயாவில் வேலை பார்த்த தகப்பன், தமையன், மாமன் அனுப்பும் மணியோடரை நம்பிப் படித்த பிள்ளைகள் நம் குடாநாட்டில் எத்தனையோ பேர். அந்த மணியோடர் ஒரே மாதத்தில் நின்றுபோனது. அனுப்பியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே மூன்றரை ஆண்டுகளாகத் தெரியாது. ஒடியற்கூழும் மரவள்ளியும் உண்டு இருந்த அந்த ஆண்டில்தான் ஐவர் ஜெனிங்ஸ் 904 மாணவரோடு பல்கலைக்கழகத்தை நடத்தத் தொடங்கினார். அவர்களிற் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்.

கன்னங்கராவின் விசேட குழுவும் போர்க்காலத்தது. 1940இல் நியமிக்கப்பட்டு 1943இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற யோசனை அரசாங்க சபைக்கு வந்தபோது, நாட்டுக்குக் கட்டாது என்றவர்கள் பலர்; கட்டணப் பாடசாலைகளை நடத்தியவர்களின் எதிர்ப்பும் இருந்தது. ஆதரித்து ஊரூராகப் பேசித் திரிந்தவர்களில் ஈ. டபிள்யூ. அதிகாரம் முக்கியமானவர். கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடு செல்வச் செழிப்பில் இருந்தபோது கொடுத்த கொடையல்ல அது. கூப்பன் புத்தகம் இன்னும் கையில் இருந்த மக்கள் கேட்டு வாங்கியது. நெருக்கடி வந்தவுடன் கல்விக்கு முதலிற் கைவைக்கலாம் என்று யோசனை சொல்பவர்களுக்கு இந்த ஒரு திகதியைச் சொன்னாற் போதும்.

கட்டணம் போனது. செலவு போகவில்லை. 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, படிப்பு இலவசம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம். ஆண்பிள்ளையானால் உறவினர் வீட்டுத் திண்ணையிற் படுத்தும் படித்துவிடுவான். பெண்பிள்ளையைப் பாதுகாப்பான இடமில்லாமல் அனுப்பமாட்டார்கள். இலவசக் கல்வி இருந்தும் எங்கள் முன்னோடிகளிற் சிலர் ஆசிரிய கலாசாலையோடு நின்றதற்குப் புள்ளிகள் காரணமல்ல. விடுதிக் காசுதான் காரணம். போனவர்களின் கதையில் எப்போதும் ஒரு தாயின் சீட்டுக்காசு வருகிறது, ஓர் அத்தையின் அடகு வைத்த காப்பு வருகிறது, சீதனத்துக்கென்று வைத்திருந்த காணியின் ஒரு பரப்பு வருகிறது. சீட்டைப் பற்றி யாரும் பெரிதாக வரலாறு எழுதவில்லை. பத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் நம்பி மாதாமாதம் போட்ட காசு, கழிவு இல்லாமல் ‘பிள்ளை கம்பஸ் போகுது’ என்பதற்காக முதல் மாதத்திலேயே ஒருத்திக்கு விட்டுக்கொடுக்கப்பட்டால், அதைவிடச் சிறந்த புலமைப்பரிசில் நிதியம் வேறென்ன?

எழுபதுகளில் மீண்டும் பஞ்சம். விடியற்காலைப் பாண் வரிசையும் சங்கக்கடைக் கூப்பனும் எங்களிற் பலருக்குப் பிள்ளைப் பருவ நினைவு. தரப்படுத்தல் 1971இல் தொடங்கிப் பல்கலைக்கழக வாசலைத் தமிழ் மாணவருக்கு ஒடுக்கியிருந்தது. இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏற, யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையிற் கொஞ்சம் காசு புழங்கியது. அந்தக் காசிற் கணிசமான பங்கு பிள்ளைகளின் ரியூசனுக்குப் போனது. இந்த நிலையில்தான் 1974 ஒக்டோபர் 6இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. எங்கே அமைவது, இந்த அரசிடமிருந்து இதை ஏற்பதா என்றெல்லாம் தமிழரிடையே கடும் வாக்குவாதம். திருகோணமலையில்தான் அமையவேண்டும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்த வாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. நம் கட்டுரைக்கு வேண்டியது கட்டடங்களின் கதை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் வளாகம் அமைந்தது. விஞ்ஞான வகுப்புகளுக்கு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்கள் கிடைத்தன. ஒரு சைவப் பெருமகன் கொடுத்ததும், பழைய மாணவர் கேட்டுப் பெற்ற கல்லூரியுமாகச் சேர்ந்துதான் கைலாசபதி தலைமை தாங்கிய அந்த முதல் வளாகம் நின்றது. அரசு புதிதாகக் கட்டித் தரும்வரை காத்திருந்தால் எந்த ஆண்டிற் திறந்திருக்குமோ!

மாணவர் விடுதி போதாமையைத் திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் வீடுகள் ஈடுசெய்தன. 1977 வரை தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் அங்கே படித்தார்கள். கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை கொடுத்த வீட்டு அம்மாக்கள் வாடகை வாங்கினார்கள்தான். பரீட்சைக் காலத்தில் இரவு தேநீருக்கு அவர்கள் கணக்கு எழுதியதாக எங்களில் ஒருவரும் சொன்னதில்லை.

1981ஆம் ஆண்டை எப்படி எழுதுவது என்று நமக்குள் நீண்ட நேரம் பேசினோம். அந்த ஓர் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. மே மாத முடிவில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் போயின. ஓகஸ்ட் 1இல் மட்டக்களப்பில், வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளவில், பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அது ஐந்தாண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியத்துக்கான சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. வர்த்தகக் கண்காட்சியிலும் லொத்தரிலும் வந்த பணத்தைக் கொண்டு வறிய மாணவருக்கு மாதப்படி கொடுக்கும் இந்த ஏற்பாட்டை லலித் அத்துலத்முதலி கொண்டுவந்தார். ஒரு பக்கம் எரிந்தது, மறுபக்கம் திறந்தது என்று எழுதிச் சமன்செய்ய நமக்கு மனமில்லை. எரிந்தது எரிந்ததுதான். ஆனால் 1982இல் நூலக வாரம் என்று அறிவித்து ஊரவர்கள் வீடுவீடாகப் புத்தகம் சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கிற் சேர்ந்தன. பேராதனையிலும் கொழும்பிலும் மகாபொலக் காசில் விடுதிக் கட்டணம் கட்டிப் படித்த நம் மாணவிகளும் பலர். இரண்டையும் பதிவுசெய்கிறோம்.

தொண்ணூறுகளைப் பற்றிப் பிற நாட்டிற் பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் எல்லாம் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சைப் போட்டுச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கில் உயர்தரம் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். கொழும்பிலோ பேராதனையிலோ இடம் கிடைத்தவர்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தார்கள்; அந்தக் கரைக்குப் போய்ச் சேராதவர்களும் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. தென்மராட்சிப் பாடசாலைகள் காலையிற் தங்கள் பிள்ளைகளுக்கும் மாலையில் இடம்பெயர்ந்த பாடசாலைகளுக்கும் வகுப்பறை கொடுத்தன. இடமில்லாத இடங்களில் மரநிழல். பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே அகதிகளாக இருந்துகொண்டு உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதமும் இரசாயனமும் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் இல்லை, சிலநேரம் ஒரு நேரச் சாப்பாடு. உதவி பெற்றவர்தான் அடுத்தவருக்கு உதவுபவர் என்பது அப்போது கொள்கையாக அல்ல, வேறு ஆளில்லை என்பதால் நடந்தது. அப்படிப் படித்து மருத்துவ பீடம் போனவர்கள் இன்று நம் வைத்தியசாலைகளில் வேலை பார்க்கிறார்கள்.

இனி அண்மைக் காலம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திற் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. எரிபொருள் இல்லாமற் பல்கலைக்கழக வகுப்புகள் மீண்டும் தொலைபேசித் திரைக்குப் போயின. செப்டெம்பரிற் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். அவ்வாண்டு எழுத வேண்டிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிற்தான் நடந்தது. அப்போது மகாபொல மாதத்துக்கு 5,000 ரூபா. நாளுக்குப் பங்கிட்டால் 170 ரூபாவும் வராது. கடையில் ஒரு சோற்றுப் பார்சலுக்கே அது காணாது. பீடங்கள் சிலவற்றில் விரிவுரையாளர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து மதியச் சோறு கொடுத்தார்கள். காலையுணவைத் தவிர்த்து வகுப்புக்கு வந்து மயங்கிய பிள்ளையைப் பார்த்த பின் எந்த விரிவுரையாளர் பாடத்தைத் தொடர முடியும்?

அந்த ஆண்டில் ஒரு வேடிக்கையும் நடந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. அம்மாவின் கூலியைத் தின்ற அதே வீழ்ச்சி, நம் வெளிநாட்டுக் கிளைகள் அனுப்பிய பணத்தை ஒன்றே முக்கால் மடங்கு ஆக்கியது. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து முன்பு அனுப்பிய அதே தொகை இங்கே வந்து இறங்கியபோது பெரிதாக இருந்தது. அதை என்ன செய்வது என்று சங்கத்தில் எழுந்த விவாதம் இன்னும் முடியவில்லை. கட்டடம் கட்டலாம் என்பவர்கள் உண்டு. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு, மலரிற் படம் உண்டு. ஒரு பிள்ளைக்கு நாலு வருடம் மாதாமாதம் காசு போடுவதற்கு இவை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையை மேடையேற்றிக் காசோலையோடு படம் எடுப்பதை நாம் வேண்டாம் என்கிறோம். பக்கத்துக் கதிரையில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்குத் தன் வீட்டு வறுமை தெரியவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கடனாகக் கொடுக்கலாம் என்போரின் நியாயமும் நமக்கு விளங்குகிறது. ஆயினும் பட்டம் முடித்து வேலையில்லாமல் ஆண்டுகள் காத்திருக்கும் நாட்டில், கடனோடு ஒரு பெண்பிள்ளையை வெளியே விடுவது அவளுடைய கலியாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும். கொடை என்றே இருக்கட்டும்.

அரசு செய்யவேண்டியதை நாம் செய்தால் அரசு கைவிட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீணானதல்ல. அதனால்தான் அருணாசலம் காலத்தவர்களும் 1945இல் மனு எழுதியவர்களும் பணம் சேர்த்ததோடு நிற்காமற் கேட்கவும் செய்தார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ரூபாவாக உயர்ந்ததும் மாணவர்கள் ஆண்டுக்கணக்கிற் கேட்டு வந்ததன் பயன்தான். இன்று பல்கலைக்கழகங்களில் பெண்கள் அறுபது வீதத்துக்கும் மேல். 1942இல் இருந்த பத்தில் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

ஆயினும் மகாபொலவின் முதற்றவணை, பதிவு முடிந்து மாதங்கள் சென்ற பின்னரே பிள்ளையின் கைக்கு வருகிறது. முல்லைத்தீவில் இருந்து மாத்தறைக்கோ மிகிந்தலைக்கோ பெலிகுல்லோயாவுக்கோ இடம் கிடைத்துப் போகும் பெண்ணுக்கு அந்த இடைவெளிதான் ஆபத்தானது. பஸ் காசு எப்படியும் வந்துவிடும். அறைக்கு முற்பணம், பாய் தலையணை, ஒரு பழைய மடிக்கணினி, முதல் மூன்று மாதச் சாப்பாடு: இவை வரவில்லையென்றால் அவள் முதலாந் தவணை முடியுமுன் ‘வீட்டில் அம்மாவுக்குச் சுகமில்லை’ என்று சொல்லித் திரும்பி வந்துவிடுவாள். ஆகவே நம் நூற்றாண்டு நிதியின் முதற்பங்கை அனுமதி முடிவு வெளியாகும் வாரத்திலேயே, விண்ணப்பத்தோடு பெற்றோர் கல்லூரிக்கு வந்து நிற்கும் தேவையில்லாமல், வகுப்பாசிரியையின் ஒரு வரிக் கடிதத்தின் பேரிற் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது என்று பொதுக்கூட்டத்தில் முன்வைக்கவிருக்கிறோம். மீதி பற்றிக் கட்டடக் குழுவினர் பேசட்டும்.